காலடி நிலத்தை அறிவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

மண், பாறை, கிணறு, நிலநடுக்கம் ஆகியவற்றைப் பற்றிக் கொங்கு வட்டாரத்து வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு மட்டும் இம்முறை விடை தந்திருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன், நீண்டவற்றைச் சுருக்கியிருக்கிறேன். மனைக்கு வாஸ்து கேட்டு எழுதிய மூவர் பொறுத்தருள வேண்டும். அது இந்தப் பகுதிக்கு உரிய வேலை அன்று.

பள்ளி ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்: உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்று அறிவியல் முறைக்கு நான்கு படிகளைச் சொல்லித்தருகிறோம். வேதியியலுக்கு அது பொருந்துகிறது. மலையையும் ஆற்றையும் சோதனைக் குழாயில் போட முடியாதே! நிலவியலை எந்த வகையில் அறிவியல் என்று மாணவர்களுக்கு விளக்குவது?

அந்த நான்கு படிகள் பாடம் நடத்த வசதியானவை. ஆனால், ஆய்வு செய்பவர் எவரும் அவற்றில் ஒவ்வொன்றாகக் கால்வைத்து ஏறிப் போவதில்லை. மாணவர்களுக்கு ஒரே ஒரு கேள்வியைப் பழக்கிவிட்டால் போதும் என்பது என் எண்ணம்: “நான் சொல்வது தவறாக இருந்தால் அது எங்கே தெரியவரும்?” இதற்கு விடையைத் தேடலுக்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். சோதனைக் குழாய் அந்த விடையைக் காண்பதற்கு உள்ள பல வழிகளில் ஒன்று.

பாலக்காட்டுக் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் அறுந்து, சில நூறு மீட்டர் உயரமே உள்ள வெளியாகக் கிடக்கிறது. ஆடிக்காற்று அந்த வழியாக நுழைந்துதான் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. இந்த இடைவெளிக்கு மூன்று காரணங்களை நினைத்துப் பார்க்கலாம். ஆறு அறுத்திருக்கலாம், இருபுறமும் பிளவு கண்டு நடுநிலம் கீழே இறங்கியிருக்கலாம், நிலத்தின் ஆழத்தில் என்றோ நசுங்கி வலுவிழந்த பாறைப் பட்டை ஒன்று அங்கே இருந்து, மழையும் வெயிலும் அதை அக்கம்பக்கத்துப் பாறையைவிட விரைவாகக் கரைத்திருக்கலாம். நடுநிலம் இறங்கியிருந்தால் அந்தப் பள்ளத்தில் பிற்காலப் படிவுகள் கனமாகச் சேர்ந்திருக்க வேண்டும். அங்கே சிறிதளவு மண்ணைத் தோண்டினாலே மிகப் பழைய பாறைதான் தட்டுப்படுகிறது. அங்கே ஓடும் பாரதப்புழை ஆறு ஒன்றே 30 கிலோமீட்டர் அகலத்தை அறுத்துவிட்டது என்பதையும் நம்புவது கடினம். நசுங்கிய பட்டையாக இருந்தால் பாறையில் உள்ள கனிம மணிகள் ஒரே திசையில் இழுபட்டிருக்க வேண்டும். அந்தப் பட்டை கணவாயோடு நின்றுவிடாமல் கிழக்கேயும் தொடர வேண்டும். இரண்டும் உண்மையாகவே இருக்கின்றன. கணவாயிலிருந்து காவிரி வரைக்கும் அந்தப் பட்டையை நிலவியலாளர்கள் நடந்து நடந்து வரைந்திருக்கிறார்கள். ஆகவே மூன்றாவது விடைக்கு வலு மிகுதி. ஆறு செய்த வேலையும் அதற்குள் அடங்கும்.

ஒரே கருதுகோளை வைத்துக்கொண்டு வேலை செய்பவர் அதன்மீது பெற்ற பாசம் வைத்துவிடுவார், ஆகையால் பலவற்றை ஒருசேர வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் வீழ்த்திப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நிலவியலாளர் தாமஸ் சேம்பர்லின் 1890ஆம் ஆண்டிலேயே எழுதினார். வகுப்பில் இதைச் செய்துபார்க்கலாம்: ஒரு கரட்டைக் காட்டி, அது எப்படி வந்தது என்பதற்கு மூன்று விடைகளைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள், பிறகு ஒவ்வொன்றும் பொய்யானால் எங்கே தெரியும் என்று கேளுங்கள்.

நிலத்தில் சோதனையே நடத்த முடியாது என்பதும் முழு உண்மையன்று. கோவையில் இன்று வேளாண் பல்கலைக்கழகமாக இருக்கும் வளாகத்தில் 1909ஆம் ஆண்டு தொடங்கிய நிலையான எரு ஆய்வு ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. ஒரே நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை உரத்தை ஆண்டுதோறும் மாற்றாமல் இட்டு, ஒரு பாத்திக்கு மட்டும் எதுவுமே இடாமல் விட்டு, மண்ணில் என்ன மாறுகிறது என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வு. எதுவும் இடாத அந்தப் பாத்தி இல்லாவிட்டால் மற்றப் பாத்திகள் எதையும் சொல்லாது.

விவசாயி, பல்லடம்: எங்கள் காடு கரிசல், மேட்டில் இருக்கும் பங்காளி வீட்டுத் தோட்டம் செம்மண். கரிசல் எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது என்று என் மகன் பாடத்தில் படிக்கிறான். எரிமலை எங்கள் காட்டில் மட்டும் எப்படி வந்தது?

உங்கள் மகனின் பாடநூல் பொய் சொல்லவில்லை. மகாராட்டிரத்துக் கரிசலில் பெரும்பகுதி, ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய தக்காண எரிமலைப் பாறை மட்கி வந்ததுதான். ஆனால் அந்தப் பாறை தமிழ்நாட்டை எட்டவில்லை. அங்கே பொருந்துகிற காரணத்தை இங்கேயும் ஒட்டிவிட்டால் தவறு எங்கே தெரியவரும்? உங்கள் கிணற்றில்தான். எரிமலைக் கதை சரியென்றால் கரிசலுக்கு அடியில் எரிமலைப் பாறை இருக்க வேண்டும். பழைய வெட்டுக் கிணறு இருந்தால் இறங்கி அதன் சுவரைப் பாருங்கள்: மேலே கரிசல், அதன் கீழே சுண்ணாம்புச் சுக்கான்கல் கலந்த மண், அதற்கும் கீழே கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடிய பாறை. பங்காளியின் செம்மண்ணுக்கு அடியிலும் அதே வரிப்பாறையாகவே இருக்கக் காண்பீர்கள்.

பாறை ஒன்றாக இருந்தும் மண் இரண்டாகப் பிரிந்திருக்கிறதென்றால், காரணத்தைப் பாறைக்கு வெளியேயும் தேட வேண்டியிருக்கிறது. மேட்டில் விழும் மழைநீர் வடிந்து போகும்போது கரையக்கூடிய சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் சிலிக்காவையும் எடுத்துக்கொண்டு போகிறது. பின்தங்கும் இரும்பு காற்றுப்பட்டுத் துருவேறி மண்ணைச் சிவப்பாக்குகிறது. பள்ளத்தில் வடிகால் மந்தம், மழையும் குறைவு. ஆகவே மேட்டிலிருந்து வந்தவை அங்கேயே தங்கி, நனைந்தால் உப்பி காய்ந்தால் சுருங்கும் ஒருவகைக் களிமண் உண்டாகிறது. கோடையில் உங்கள் காட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுவது அந்தக் களிமண்ணால்தான். இந்த விளக்கத்தையும் சும்மா நம்ப வேண்டியதில்லை. மேட்டிலிருந்து பள்ளம் வரைக்கும் ஒரே நேர்கோட்டில் ஐந்தாறு இடங்களில் முழங்கால் ஆழம் தோண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மண்ணை எடுத்து வரிசையாக வையுங்கள். விளக்கம் சரியென்றால் நிறம் படிப்படியாக மாற வேண்டும். சுக்கான்கல் பள்ளத்துப் பக்கம் மிகவேண்டும். சுக்கான்கல்லா, வெங்கச்சங்கல்லா (வெள்ளைப் படிகக் கல்லா) என்று ஐயம் வந்தால் எலுமிச்சைச் சாற்றை நாலு சொட்டு விடுங்கள். சுண்ணாம்பாக இருந்தால் நுரைக்கும், வெங்கச்சங்கல் அசையாது.

வாசகர், தாராபுரம்: எங்கள் ஊரில் நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி நடப்பார். தேங்காய் நட்டமாக எழுந்து நிற்கும் இடத்தில் போர் போட்டால் தண்ணீர் வருகிறது. அவர் குறித்த ஐந்தில் நான்கு பலித்திருக்கிறது. அறிவியல் இதை ஏன் ஏற்பதில்லை?

ஐந்தில் நான்கு என்பது பெரிய வெற்றியாகவே தோன்றுகிறது. ஆனால் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு கணக்கு வேண்டும்: அதே ஊரில், அதே ஆண்டில், தேங்காய் பார்க்காமல் போட்ட போர்களில் எத்தனை பலித்தன? அதுவும் ஐந்தில் நான்கு என்றால் தேங்காயின் பங்கு ஒன்றுமில்லை. முதல் கேள்வியில் சொன்ன, எதுவும் இடாத பாத்திக்கு உள்ள வேலையே இந்த இரண்டாவது கணக்குக்கும் உண்டு. பலிக்காத போர்கள் மூடி போட்டு மறக்கப்படுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலித்த போரின் கதையைத்தான் ஊர் சொல்லிக்கொண்டிருக்கும்.

கொங்கு நாட்டின் அடிநிலம் பெரும்பாலும் கெட்டிப் பாறை. மேல்மண், அதற்குக் கீழே சிதைந்து உளுத்த பாறை, அதற்கும் கீழே உடையாத பாறை என்று அடுக்கு இருக்கும். உளுத்த பாறை சில இடங்களில் 30 அடி, சில இடங்களில் 100 அடி. நல்ல மழைக்குப் பிறகு அந்த அடுக்கில் ஏறக்குறைய எங்கும் நீர் நிற்கும். அதற்குக் கீழே நீர் இருப்பது வெடிப்புகளில் மட்டுந்தான். நிலத்துக்கு அடியில் ஆறு போல ஓடுவதாக எண்ணுகிறோமே, அந்த ‘நீரோட்டம்’ நம் பாறையில் இல்லை. வெடிப்போடு வெடிப்பு சேருமிடம் கிடைத்தால் நீர், கிடைக்காவிட்டால் புழுதி. இதனால்தான் ஒரு காட்டில் 300 அடியில் பீய்ச்சும் நீர், வரப்புக்கு அந்தப் பக்கம் 1,000 அடி போனாலும் வருவதில்லை.

நீரோட்டம் பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது என்று நான் சொல்லவரவில்லை. வாழ்நாளெல்லாம் காடு சுற்றியவருக்கு ஓடை எங்கே திரும்புகிறது, மரம் எங்கே கோடையிலும் வாடாமல் நிற்கிறது, பழைய கிணறுகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அறிவது அவருடைய கண்ணா, தேங்காயா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணைக் கட்டி அதே காட்டில் நடக்கவிட்டால் தேங்காய் முன்பு நின்ற இடத்திலேயே மீண்டும் நிற்கிறதா? இரண்டு பேரைத் தனித்தனியாக, ஒருவர் குறித்தது மற்றவருக்குத் தெரியாமல் அழைத்தால் இருவரும் ஒரே இடத்தைக் குறிக்கிறார்களா? இன்னொன்றும் கேட்கலாம்: “தண்ணீர் வரவே வராத இடத்தைக் காட்டுங்கள்.” இந்தக் கேள்விக்கு விடை சொல்ல யாரும் முன்வந்து நான் பார்த்ததில்லை.

இத்தகைய சோதனையை ஜெர்மனியில் மியூனிக் நகருக்கு அருகே 1987-88இல் பெரிய அளவில் நடத்தினார்கள். ஏறக்குறைய 500 பேரைச் சோதித்து அவர்களில் திறமையானவர்களாகத் தோன்றிய 43 பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். கொட்டகையின் கீழ்த்தளத்தில் நீர்க்குழாயை ஒவ்வொரு முறையும் குருட்டாம்போக்கில் இடம்மாற்றி வைக்க, மேல்தளத்தில் நடப்பவர் குழாய் இருக்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். 843 முறை நடந்தது. ஒருசிலருக்கு உண்மையிலேயே அந்த ஆற்றல் இருப்பதாக நடத்தியவர்கள் அறிவித்தார்கள். அதே எண்களைப் பின்னர் எடுத்து ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர் ஜிம் என்ரைட், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் இதே அளவு பொருத்தம் வரும் என்று காட்டினார். தங்கள் முடிவுக்கு எதிராகவே பயன்படும் என்று தெரியாமலும், முழு எண்களையும் வெளியிட்டார்களே, அதற்காக நடத்தியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

அப்படியானால் போர் போடுவதற்கு முன் என்ன செய்வது? நிலத்தில் கம்பிகளை நட்டு மின்சாரம் செலுத்தி மின்தடையை அளக்கும் முறை இருக்கிறது. உடையாத பாறை மின்சாரத்தைத் தடுக்கும். நீர் நின்ற உளுத்த பாறை அதைக் கடத்தும். உளுத்த அடுக்கின் கனத்தை இம்முறை நன்றாகவே சொல்லும். ஆனால் களிமண்ணும் மின்சாரத்தைக் கடத்தும். 800 அடிக்குக் கீழே விரல் அகல வெடிப்பு இருப்பதை மேலிருந்து எந்தக் கருவியும் உறுதியாகக் காட்டாது. கருவி கொண்டுவருபவர் ‘நூற்றுக்கு நூறு’ என்று சொன்னால் அவரையும் தேங்காய்க்காரருக்கு அருகில் நிறுத்துங்கள்.

ஒரு செலவும் இல்லாத வேலை ஒன்று உண்டு. நம்மில் எவரும் அதைச் செய்வதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி இரவெல்லாம் துளைக்கும்போது வெளியே வரும் தூளைப் பாருங்கள். உடையாத பாறையில் அது விபூதி போல வெளுத்த சாம்பல் நிறமாக வரும். வெடிப்பைத் தொட்டதும் நீர் போய்வந்த இடத்துத் துரு கலந்து காவியாக மாறும். 20 அடிக்கு ஒரு பிடி தூளை எடுத்துப் பொட்டலம் கட்டி, ஆழத்தை அதன்மேல் எழுதி வையுங்கள். நீர் வராத போரிலும் இதைச் செய்யுங்கள். முதலில் அதில்தான் செய்ய வேண்டும். ஒரு ஊரில் இருபது போர்களுக்கு இப்படிப் பொட்டலம் இருந்தால் இருபத்தொன்றாவது போரைப் போடுபவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

வாசகர், நாமக்கல்: எங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறை 250 கோடி ஆண்டுப் பழமையானது என்றும், நிலவின் மண்ணைப் போன்றது என்றும் படித்தேன். அன்றைக்கு யார் இருந்து பார்த்தார்கள்?

யாரும் இருக்கவில்லை, பார்த்த சாட்சி பாறைக்குள் இருக்கிறது. ‘சிர்க்கான்’ என்னும் கனிமத் துகள், கசகசா மணியில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். பாறையை இடித்து, சலித்து, கனமான துகள்களைப் பிரித்து, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார்கள். சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தைச் சிறிதளவு தன்னுள் சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய சேர்ப்பதே இல்லை. ஆகவே இன்று அதனுள் காணப்படும் ஈயம், யுரேனியம் சிதைந்து உண்டானதாகவே இருக்க முடியும்.

இதில் அழகான பகுதி அடுத்து வருகிறது. யுரேனியத்தில் இரண்டு வகை உண்டு. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைந்து, வெவ்வேறு வகை ஈயமாக மாறுகின்றன. யுரேனியம்-238இன் அரைவாழ்வு, அதாவது பாதியளவு சிதைய ஆகும் காலம், 447 கோடி ஆண்டுகள். யுரேனியம்-235இன் அரைவாழ்வு ஏறக்குறைய 70 கோடி ஆண்டுகள். ஒரு துகளுக்கு 250 கோடி வயது என்றால் முதல் வகையில் நூற்றுக்கு 32 பங்கு சிதைந்திருக்க வேண்டும். இரண்டாம் வகையில் நூற்றுக்கு 91 பங்குக்கு மேல் சிதைந்திருக்க வேண்டும். ஒரே துகளுக்குள் இரண்டு கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஓடுகின்றன. பின்னாளில் சூடேறி ஈயம் கசிந்துபோயிருந்தால் இரண்டும் வெவ்வேறு வயதைக் காட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். தவறு தெரியவரும் இடம் அளவீட்டுக்குள்ளேயே அமைந்திருக்கிறது என்பதால்தான் இந்த முறையை இவ்வளவு நம்புகிறார்கள்.

இங்கே பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1862இல் இயற்பியலாளர் கெல்வின் பிரபு, உருகிய உருண்டையாகத் தொடங்கிய பூமி இன்றைய அளவுக்குக் குளிர எத்தனை காலம் ஆகும் என்று கணக்கிட்டு, 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுகளுக்குள் என்றார். பிற்காலத்தில் அதை 2 முதல் 4 கோடிக்குள் சுருக்கினார். கணிதத்தில் பிழையில்லை. பூமியின் உள்ளே வெப்பம் கெட்டிப் பொருளில் பரவுவதைப்போலவே பரவுகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். உட்பகுதி மெல்ல நகரக்கூடியதாக இருந்தால் வயது பல மடங்கு கூடும் என்று அவரிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி 1895இல் எடுத்துச்சொன்னார். அடுத்த ஆண்டே கதிரியக்கம் கண்டறியப்பட்டது. விண்கற்களின் ஈயத்தை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று கிளேர் பேட்டர்சன் 1956இல் வெளியிட்ட கணக்கு இன்றுவரை பெரிதாக அசையவில்லை. “இன்று ஒன்று, நாளை ஒன்று சொல்கிறார்களே” என்று உங்கள் கடிதத்தின் கடைசியில் குறைப்பட்டிருந்தீர்கள். கெல்வினைத் திருத்த முடிந்ததற்குக் காரணம், தாம் எதை எதை உண்மையென்று எடுத்துக்கொண்டார் என்பதை அவர் வெளிப்படையாக எழுதிவைத்ததுதான்.

நிலவைப் பற்றி: நிலவில் வெளிறித் தெரியும் மேட்டுப் பகுதிகள் அனார்த்தசைட் என்னும் வெளிர்நிறப் பாறையால் ஆனவை. சித்தம்பூண்டியிலும் அருகில் உள்ள குன்னமலையிலும் அதே இனப் பாறை கிடைப்பதால் அதை அரைத்து, நிலவு மண்ணைப் போன்ற தூளை உருவாக்கி, தரையிறங்கும் கலத்தையும் ஊர்தியையும் இஸ்ரோ சோதித்தது. சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய இடத்தை அளந்தபோதும் அந்த வகைப் பாறையின் கலவையே தெரிந்தது. கலவை ஒத்திருக்கிறது என்பதால் பிறப்பும் ஒன்று என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நிலவில் அந்தக் கனிமங்கள் உருகிய கடலின் மேல் மிதந்து உறைந்தவை என்று கருதுகிறார்கள். நாமக்கல் பாறை நிலத்தின் ஆழத்தில் அடுக்கடுக்காக உறைந்து, பிறகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது.

வாசகி, கோவை: கொங்குப் பகுதி பழம்பாறை, இங்கே நிலநடுக்கமே வராது என்று ஒரு செய்தி, வரும் அமாவாசைக்குப் பெரிய நடுக்கம் என்று இன்னொரு செய்தி. இரண்டும் கைப்பேசியில் வந்தன. எதை நம்புவது?

இரண்டையும் நம்ப வேண்டாம். 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கம் தென்னிந்தியாவின் மிகப் பரந்த பகுதியில் உணரப்பட்டது. அதன் அளவு ஏறக்குறைய 6 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ரிக்டர் தம் அளவுகோலை வெளியிட்டதே 1935இல்தான், அதற்கு முன்பு எப்படி அளந்தார்கள் என்று கேட்பீர்கள். எந்த ஊரில் சுவர் விரிசல் கண்டது, எங்கே பாத்திரங்கள் உருண்டன, எங்கே உறங்கியவர் விழிக்கவே இல்லை என்று எழுதிவைத்த குறிப்புகளை வரைபடத்தில் குறித்து, பிற்காலத்தில் கருவியால் அளந்த நடுக்கங்களோடு ஒப்பிட்டு அந்த எண்ணை அடைந்தார்கள். நாள் குறித்துச் சொல்லும் முறை உலகில் எவரிடமும் இல்லை. அமாவாசைச் செய்தியை அனுப்பியவர் இதுவரை அனுப்பியவற்றில் பொய்த்தவை எத்தனை என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர், அவிநாசி: எங்கள் ஊர் போர் 1,500 அடி. அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று போகாமலேயே எப்படிச் சொல்கிறார்கள்?

தம்பி, 1,500 அடி என்பது அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. ரஷ்யாவில் கோலா என்னும் இடத்தில் 12,262 மீட்டர் வரைக்கும் துளைத்தார்கள். அதுவும் பூமியின் மையத்துக்கு உள்ள 6,371 கிலோமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குதான்.

முதல் தடயத்தை நீயே எடுக்கலாம். ஒரு கருங்கல் துண்டை நூலில் கட்டித் தராசில் தொங்கவிட்டு எடை பார். 540 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நூலோடு அப்படியே வாளி நீருக்குள், அடியைத் தொடாமல் இறக்கிப் பார். 340 கிராம்தான் காட்டும். குறைந்தது 200 கிராம். 540ஐ 200ஆல் வகுத்தால் 2.7, அந்தக் கல் நீரைப்போல் 2.7 மடங்கு அடர்த்தி உடையது. ஹென்றி கேவண்டிஷ் 1798இல் ஈயக் குண்டுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் நுண்ணிய விசையை அளந்து, முழுப் பூமியின் சராசரி அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய ஐந்தரை மடங்கு என்று கண்டார். மேலே கிடக்கும் பாறை 2.7, சராசரி ஐந்தரை என்றால், உள்ளே மிகவும் கனமான ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

அடுத்த தடயம் நிலநடுக்க அலைகள். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ரிச்சர்டு ஓல்டாம், 1897ஆம் ஆண்டு அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர். வெகு தொலைவில் உள்ள நிலையங்களுக்கு அலைகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வருவதைக் கொண்டு, பூமிக்கு வேறுவகைப் பொருளால் ஆன கருவம் (நடுப்பகுதி) இருப்பதாக 1906இல் காட்டினார். திரவத்தின் ஊடே செல்ல முடியாத அலைவகை ஒன்று உண்டு. அது அந்தக் கருவத்தைக் கடந்து வருவதே இல்லை. ஆகவே அது திரவம் என்றார்கள். அப்படியும் வரக்கூடாத இடத்தில் மெல்லிய அலைகள் சில வருவதைக் கவனித்த டென்மார்க்கின் இங்கெ லேமன் என்னும் பெண்மணி, திரவத்துக்கு நடுவே இன்னொரு கருவம் இருப்பதாக 1936இல் எழுதினார். பொருந்தாத அந்தச் சில அலைகளைக் கருவியின் கோளாறு என்று அவர் தள்ளிவிடவில்லை.

வாசகி, ஈரோடு: விடுமுறையில் குழந்தைகள் வீட்டிலிருந்தே செய்யக்கூடியதாக, பூமியைப் பற்றிய அளவீடு ஏதாவது சொல்லுங்கள். பொம்மைச் சோதனை வேண்டாம்.

பூமியின் சுற்றளவையே அளக்கலாம். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த முறைதான். உங்கள் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது: ஈரோடும் கன்னியாகுமரியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், தெற்கு வடக்காக அமைந்தவை. கன்னியாகுமரியில் ஓர் உறவினரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரு ஊரிலும் சரியாக ஒரு மீட்டர் உயரக் கம்பை, தூக்குக்குண்டு கட்டிச் சோதித்துச் செங்குத்தாக நட்டு, டிசம்பர் 22 வாக்கில் உச்சிப்பொழுது நிழலை அளக்க வேண்டும். அந்த நாளில் உச்சிப்பொழுது கடிகாரத்தில் பன்னிரண்டே காலை ஒட்டி வரும். ஆகவே பன்னிரண்டு மணியிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குறித்து, மிகக் குட்டையான நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டில் ஏறக்குறைய 69 சென்டிமீட்டரும் கன்னியாகுமரியில் 61 சென்டிமீட்டரும் வரவேண்டும். நிழலிலிருந்து சூரியனின் சாய்வுக் கோணத்தைப் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் தந்துவிடும். இரு கோணங்களுக்கும் உள்ள வேறுபாடு மூன்றேகால் பாகை அளவில் இருக்கும். வரைபடத்தில் இரு ஊருக்கும் நேர்கோட்டுத் தொலைவு சுமார் 360 கிலோமீட்டர். சாலைத் தொலைவை எடுத்துவிடக் கூடாது. மூன்றேகால் பாகைக்கு 360 கிலோமீட்டர் என்றால் 360 பாகைக்கு எவ்வளவு என்பது குழந்தைகளின் வேலை. 40,000 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

சிக்கல் நிழலின் நுனியில் இருக்கிறது. சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால் நுனி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மங்கிக் கிடக்கும். ஓர் ஊரில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் சுற்றளவில் 4,000 முதல் 6,000 கிலோமீட்டர் வரை பிசகிவிடும். கம்பின் உச்சியில், ஊசியால் துளையிட்ட அட்டையைப் பொருத்தி, துளையின் உயரம் ஒரு மீட்டராக இருக்கும்படி வைத்தால், அட்டையின் நிழலுக்கு நடுவே சிறிய ஒளிவட்டம் விழும். அந்த வட்டத்தின் மையத்தை அளந்தால் பிழை வெகுவாகக் குறையும். இரு வீட்டாரும் ஒருவர் அளவை மற்றவருக்குச் சொல்வதற்கு முன் தாளில் எழுதி முடித்துவிட வேண்டும்; 69 வரவேண்டும் என்று நான் எழுதியிருப்பதைக் குழந்தைகளிடம் காட்டாதீர்கள். கன்னியாகுமரியில் ஆள் கிடைக்காவிட்டால் திருநெல்வேலியும் அதே கோட்டில்தான் இருக்கிறது. தொலைவு குறைவதால் பிழை மட்டும் சற்றுக் கூடும்.